முதல் நாள் கணக்கு

பேராசிரியர் அவர்களுக்கு,

‘என்னங்க’ என்று தொடங்கக் கை வரவில்லை.

நான் நடத்தும் கணித ஆய்வு முகாமில் முதல் உரை உங்களுடையது. உங்களை அழைத்தே தீருவேன் என்று நின்றது துறைத்தலைவர், நான் அல்ல. இருவர் தங்கும் அறை கேட்டிருந்தீர்கள். விடுதியில் எல்லாம் ஒற்றைக் கட்டில்தான். உடன் வருபவர் எங்கே படுப்பார் என்பது என் தலைவலி இல்லை.

உங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த தேற்றத்தைப் பற்றித்தான் பேசப்போகிறீர்களாம். நம் சாப்பாட்டு மேசையில் நாம் இருவரும் எழுதியது. அச்சில் உங்கள் பெயர் மட்டும் வந்தது. அனுப்புவதற்கு முந்தின நாள்கூடச் சொன்னேன்: “ஏழு பரிமாணத்துல இது நிக்கலங்க, ஒரு தடவ பாருங்க.”

“நீ உன் வேலையப் பாரு” என்றீர்கள்.

எட்டு வருடமாக அதைத்தான் பார்த்தேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. உரைக்கு முன்பே, உரையாளரின் தேற்றத்திலிருந்து மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுப்போம். உரை முடிந்ததும் அவர் முன்னாலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டுவார்கள். உங்களுக்கான கணக்கை நானே எழுதினேன்: ‘ஏழு பரிமாணத்தில் இந்தத் தேற்றம் தவறு என்று நிறுவுக.’ நாற்பது பேர் வருகிறார்கள். சுமாரான பிள்ளைக்கே அரை மணி நேரம் போதும்.

உடன் வருபவருக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறேன். அங்கிருந்து பலகை நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
முகாம் ஒருங்கிணைப்பாளர்