உள் பொக்கெற்றில் ஒரு ஸிப்

அன்பு மெர்லின் மச்சாளுக்கு,

நீ போன பிறகு இந்தக் கொட்டாஞ்சேனை வீட்டில் என்னோடு வாய்க்கு வாய் கொடுக்க ஒருத்தரும் இல்லை. உன் அண்ணனோடு சண்டை பிடித்தால் மனுசன் எழும்பிப் போய்ப் பல்கனியில் நிற்கிறார். அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

உன்னுடைய பிளவுஸ் விஷயம்தான். ஒப்பரேஷன் முடிந்து வந்து, இடது கையைத் தூக்க முடியாமல், ஒரு சட்டையும் போட முடியாமல் அழுதாயே, அப்போது கட்டிலில் இருந்தபடி பென்சிலால் கடதாசியில் கீறிய பிளவுஸ். முன்பக்கம் திறக்கும். கை நல்ல அகலம். எடுத்துவிட்ட மார்பின் இடத்தில் பஞ்சு வைக்க உள்ளே ஒரு பொக்கெற். எழும்பினதும் ரெண்டு பேரும் சேர்ந்து இதைச் செய்வித்து விற்போம், நமக்கென்று ஒரு பெயர் போடுவோம் என்றாய். நீ எழும்பவில்லை. நான் மட்டும் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊசியில் நூல் கோக்கத் தெரியாத நான் கார்மெண்ட்காரர்களைத் தேடி அலைந்த கதையைக் கேள். முதலில் கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய கம்பனி. நாலைந்து மின்னஞ்சலுக்குப் பிறகு கூப்பிட்டு, ஏசிக் குளிரில் இருத்தி, ஒரு நிறத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் கதைக்கலாம் என்றார்கள். தந்த கோப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு இரத்மலானையில் ஒருவர். எதைக் கேட்டாலும் "செய்யலாம் மிஸ், செய்யலாம்." துணியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, அளவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. தைக்கிற இடத்தைப் பார்க்கலாமா என்றேன், அது மட்டும் ஏலாதாம். இவர் ஓடரை வாங்கி வேறு எங்கோ கொடுக்கிறவர் என்று எனக்கு விளங்கச் சில கிழமைகள் எடுத்தது. நீ என்றால் முதல் நாளே பிடித்திருப்பாய், இல்லையா?

கடைசியில்தான் மட்டக்குளி நிஸ்தார் நானா. சின்ன இடம், கொஞ்ச மெசின்கள். நான் கேட்கமுன்னமே கதவைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினார். ஆனால் மனுசன் விடுகிற கேள்விகள் இருக்கிறதே! கை ஏன் இவ்வளவு அகலம்? முன்னால் ஏன் திறக்க வேண்டும்? உள்ளே ஏன் பொக்கெற்?

நான் என்னத்தைச் சொல்ல? செத்த வீட்டிலேயே மாமி எங்கள் வாயைக் கட்டிவிட்டாவே. "காய்ச்சல் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றா. வருத்தத்தின் பெயர் வெளியே தெரிந்தால் உன் தங்கச்சி டிலானியின் கலியாணப் பேச்சு குழம்பிப் போகுமாம். அந்தப் பழக்கத்தில் எனக்கும் அந்தச் சொல் தொண்டையைத் தாண்டவில்லை. "போன் வைக்க நானா" என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சிரிப்பு வருகிறதா?

சாம்பிள் தயார் என்று நானா கூப்பிட, மட்டக்குளிக்குப் போனேன். நீ புறக்கோட்டைக் கடைகளில் செய்வது போல உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். உள் பொக்கெற்றில் ஒரு ஸிப்! போன் விழுந்து உடைந்தால் பாவமே என்று நானாவே யோசித்துப் போட்டிருக்கிறார். போதாக்குறைக்கு இடது பக்கத் தையலில் ஒரு லேபிள், ஓரம் ஊசி மாதிரிக் குத்துகிறது. இரண்டும் சரியாக உன் காயம் இருந்த இடத்தில். மெல்லிய துணி பட்டாலே பல்லைக் கடிப்பாயே. அந்த ஸிப்பைத் தடவிக்கொண்டு அந்த மனுசனுக்கு முன்னால் நின்று அழுதேன் மச்சாள். வெட்கம்தான், ஆனால் நிறுத்த முடியவில்லை.

"ஏன் புள்ள, ஸிப் சரியில்லையா?"

"இது போனுக்கு இல்ல நானா. என்ர மச்சாளுக்கு மார்பில கான்சர். ஒரு பக்கம் எடுத்தது. அந்த இடத்தில ஒண்டும் படக்கூடாது."

சொல்லிவிட்டேன். நீ போன பிறகு முதன்முதலாக, வாய் திறந்து, முன்பின் தெரியாத ஒருவரிடம். பக்கத்து மெசினில் இருந்த பெண் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

நானா சாம்பிளைத் தன் பக்கம் இழுத்தார். "இத மொதல்லயே செல்லி இருக்கலாமே புள்ள," என்றார். பிறகு தானே இருந்து ஸிப்பைத் தையல் பிரித்தார். பிரித்துக்கொண்டே மறுபடி கேள்விகள். உள்தையலை மடித்து மூடவா? லேபிளைக் கீழ் மடிப்புக்குக் கொண்டுபோகவா? எல்லாருக்கும் இடது பக்கம்தானா, வலது பக்கம் எடுத்தவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? கடைசிக் கேள்வி நமக்கு வரவே இல்லையே மச்சாள். ஓடர் இவருக்குத்தான் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டா. திருத்திய சாம்பிள் வந்தபோதும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கும் கோபம்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த மனுசியோடு என்னவென்று சண்டை பிடிப்பது?

போன ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகு, மேல்மாடி அன்ரி கதவடியில் வந்து நின்றா. தன் தங்கச்சியை ஒப்பரேஷன் முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்களாம். என்ன ஒப்பரேஷன் என்று சொல்லாமல் சீலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றா. நான் குசினி அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி உள்ளே போய் அந்தச் சாம்பிளை எடுத்துவந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அன்ரியின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தா.

"என்ர மகள் கீறினது. அவளுக்கும் மார்பில கான்சர்தான். தடவிப் பாருங்கோ, ஒரு இடத்திலயும் குத்தாது."

பிளவுஸைக் கையோடு கொடுத்தும் விட்டா. நானாவிடம் போய் இன்னொன்று கேட்க வேண்டும், பரவாயில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நம்முடைய பெயரில் வெளியே போகிற ஒவ்வொரு பிளவுஸையும் முதலில் மாமி உள்பக்கம் திருப்பித் தடவிப் பார்ப்பா. அவவின் விரலுக்கு ஏதாவது தட்டுப்பட்டால் அது மட்டக்குளிக்கே திரும்பிப் போகும்.

சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கும்,
அண்ணி என்று நீ ஒருநாளும் கூப்பிடாத
உன் மச்சாள் ஜெசிந்தா