பிரசவத்துக்கு விற்ற கேமரா

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் சொன்னார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கையெழுத்து வாங்க வந்திருந்தார். தன் பையன் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறான் என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். இவருக்கு அது போதாதா?

"நானும் ஒரு காலத்துல எடுத்தவன்தான். இவ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில பணம் கட்டச் சொன்னாங்க, கேமராவ வித்துட்டேன். அன்னையோட போச்சு அந்தக் கை."

ஏஜென்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி காபித் தம்ளரோடு நின்றேன்.

இருபத்தாறு வருஷம். நாத்தனார் வீட்டில், பக்கத்து வீட்டில், மகள் கல்யாணத்தில் புதுச் சம்பந்தி முன்னால் கூட. நான் ஒன்றும் கேட்டு வாங்கவில்லையே. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது, அறுத்து எடுத்தார்கள். அதற்கு யார் என்ன செய்ய?

சாயங்காலம் மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா அதச் சொல்றப்பல்லாம், என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துட்டு கேமராவ வாங்கிட்டு வந்துடலாம்னு தோணும்மா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்துக் கிடங்கிலிருந்து ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அன்று ஒரு கேமரா வாங்கிக் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுச் செலவில் பிடித்துப் பிடித்துச் சேர்த்தது முப்பத்தோராயிரத்து இருநூறு இருக்கிறது. அதோடு அந்த வாய் மூடட்டும்.

(ஆண்டவா, இப்படி எழுதியதற்கு மன்னித்துக்கொள். ஆனால் எழுதியதை அடித்துவிட மாட்டேன்.)

மார்ச் 11, புதன்

கேமராக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி. கடைப் பையன் கேட்டது: "பையனுக்காம்மா?" வீட்டுக்காரருக்கு என்றதும் ஒரு படி கீழே இறங்கி மலிவான தட்டைக் காட்டினான்.

"இது இருபத்தி நாலு மெகாபிக்சல்மா. மூஞ்சில ஒரு சுருக்கம் விடாம தெரியும்."

"எங்க வயசுல அது தெரியக் கூடாதுன்னுதான்ப்பா படம் எடுக்கிறோம்."

புதிது, லென்ஸோடு சேர்த்து, முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு. பை இலவசம், துடைக்கிற துணி இலவசம். இலவசம் என்று சொல்லும்போதுதான் அவன் முகம் மலர்ந்தது. குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஐயாயிரத்துக்கு மேல் துண்டு விழுகிறது.

மார்ச் 24, செவ்வாய்

காலைப் பிரார்த்தனை, சமையல் இரண்டும் முடிந்ததும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்கிறேன். பத்து நாளாக. புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

லென்ஸுக்குள் ஒரு ஓட்டை. ஓட்டையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் நிறைய வரும். முகம் மட்டும் தெளிவாக இருக்கும், பின்னால் உள்ளதெல்லாம் கலங்கிவிடும். ஓட்டைக்கு எண் உண்டு. எண் சிறிதானால் ஓட்டை பெரிது. 1.8 பெரிய ஓட்டை, 16 சின்ன ஓட்டை. இந்தக் கணக்கைப் போட்டவர் கையில் வீட்டுச் செலவைக் கொடுத்திருந்தால் குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும்.

ஆடிப்போன படம் வேறு, ஃபோகஸ் தப்பிய படம் வேறு. ஆள் ஆடினால் இழுத்த கோடு மாதிரி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். ஃபோகஸ் தப்பினால் பஞ்சு மாதிரி மெத்தென்று கலங்கியிருக்கும்; அப்போது படத்தில் வேறு ஏதோ ஒன்று தெளிவாக இருக்கும்.

எல்லாப் பாடத்திலும் சொல்வது ஒன்றுதான். காசு குறைவென்றால் பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில், மிச்சம் பிடி, லென்ஸில் பிடிக்காதே.

ஏப்ரல் 6, திங்கள்

பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூடியோக்காரர் தன் பழைய கேமராவை விற்கிறாராம். போய்ப் பார்த்தேன். நரைத்த மீசை, நிதானமான மனிதர். பதினேழாயிரம் சொன்னார்.

"இருபத்திரெண்டாயிரம் தடவ கிளிக் ஆயிருக்கும்மா. லட்சம் வரைக்கும் தாங்கும். வண்டி மீட்டர் மாதிரி இதுக்கும் கணக்கு இருக்கு, பாருங்க" என்று கம்ப்யூட்டரில் காட்டினார். கணக்கைக் காட்டி விற்கிறவரை எனக்குப் பிடித்துப் போனது.

எந்த லென்ஸ் என்றுதான் குழப்பம். ஐம்பது எம்எம் வாங்கினால் முகத்துக்கு நல்லது, ஆனால் சின்ன அறையில் நாலு பேர் அடங்க மாட்டார்கள். பதினெட்டு-ஐம்பத்தைந்து என்கிற ஜூம் எல்லாவற்றுக்கும் ஆகும், எதிலும் கெட்டிக்காரத்தனம் இல்லை.

"சார் முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருந்தா கொண்டாங்க. அவர் கை எப்படிப் போகும்னு பாத்துச் சொல்றேன்."

ஏப்ரல் 9, வியாழன்

ஆல்பத்தைக் கொண்டு போனேன். மொத்தமே பதினொரு படம். கல்யாணமான புதிதில் எடுத்தது, எட்டில் நான் இருக்கிறேன். என் நகையையெல்லாம் விடப் பத்திரமாக வைத்திருந்தது.

ஸ்டூடியோக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மறுபடி முதலில் இருந்து புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது... சார் கத்துக்கிட்ட புதுசுல எடுத்ததாம்மா?"

"இல்லங்க. நல்லா எடுத்துட்டிருந்தப்ப எடுத்தது."

"ஓ" என்றார். "ரெண்டு லென்ஸுமே வாங்கிக்கங்க. அந்த ஜூம் எங்கிட்ட பழசு இருக்கு, ரெண்டாயிரத்துக்குத் தர்றேன்."

என்ன "ஓ"? தலையை எண்ணிப் பாஸ்போர்ட் படம் எடுப்பவருக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

முதல் படம்: நான் ஜன்னலோரம் நிற்கிறேன். ஜன்னல் கம்பியில் இருக்கிற துரு தெரிகிறது. என் முகம் பஞ்சு. இரண்டாவது: கொடியில் காயும் துண்டின் நூல் நூலாகத் தெரிகிறது. நான் பஞ்சு. குழாய் தெளிவு, கதவுத் தாழ்ப்பாள் தெளிவு, காலண்டரில் தேதி கூடப் படிக்கலாம். ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்திருக்கிற படத்தில் எனக்குப் பின்னால் உள்ள பெட்டியின் பூட்டு பளபளவென்று இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரோல் கழுவி வரும்போதும் இவர் சொல்வது: "நீ அசஞ்சுட்ட. ஒரு நிமிஷம் ஒழுங்கா நிக்கத் தெரியல உனக்கு."

நம்பினேன். அடுத்த தடவை மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போதும் "அசஞ்சுட்ட."

அசைந்தால் கோடு இழுத்திருக்கும். இதில் கோடே இல்லை. நான் அசையவில்லை. எட்டுப் படத்திலும் நான் அசையவேயில்லை.

எதற்கு இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்? தெரியாமல் இருந்தபோது, அவர் ஒரு காலத்தில் என்னை இத்தனை தடவை பார்த்தார் என்றாவது இருந்தது.

ஏப்ரல் 11, சனி

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. பாதியில் எழுந்துவிட்டேன்.

மே 2, சனி

வாங்கிவிட்டேன். பழைய பாடி 17,000. புது ஐம்பது எம்எம் 8,500. பழைய பதினெட்டு-ஐம்பத்தைந்து 2,000. கார்டு, பை 2,100. ஆக 29,600. வீட்டுக் கணக்கு நோட்டில் "இதர" என்று எழுதினேன்.

வாங்காமல் விடலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். நல்ல படம் எடுத்தாரோ இல்லையோ, கேமராவை விற்றது உண்மை, அந்தப் பணத்தில்தான் நானும் பிள்ளையும் பிழைத்தோம். கடவுளுக்கு முன்னால் அது பாக்கிதான். தீர்த்துவிட வேண்டும்.

இது பக்தியா, வீம்பா? எனக்கே தெரியவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

கிடங்கில் எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தேன். கை தட்டினார்கள். இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடியில் ரப்பர் லேசாகத் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"செகண்ட் ஹேண்டா?"

"பாடி மட்டுந்தாங்க. லென்ஸ் புதுசு."

"ரிட்டையர் ஆனவனுக்கு ரிட்டையர் ஆன கேமரா" என்றார் சத்தமாக. எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். நானும் பல்லைக் காட்டினேன்.

வண்டியில் வரும்போது ஒரே வார்த்தை: "எங்கிட்ட இருந்தது வேற தரம்."

ஜூலை 8, புதன்

பை பீரோ மேல் இருக்கிறது. தூசி தட்டினேன்.

ஜூலை 19, ஞாயிறு

மகளும் மருமகனும் வந்தார்கள். நாத்தனாரும் வந்திருந்தார். "உன் வித்தையத்தான் காட்டேன்டா" என்று நாத்தனார் விடாமல் பிடித்ததால் பையை இறக்கினார்.

ஐம்பது எம்எம் மாட்டியிருந்தது. கூடத்தில் மூவரையும் நிற்க வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார், நகர்ந்தார், முதுகு சுவரில் முட்டியது. ஆள் அடங்கவில்லை. "கண்ட லென்ஸையும் வாங்கி வெச்சிருக்கா" என்றார். நெற்றி வியர்த்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. அவருக்குக் கேட்கும் அளவு மெதுவாக, "அந்த இன்னொண்ண மாட்டுங்க" என்றேன்.

"எனக்கு நீ சொல்லித் தர்றியா? அப்ப நீயே எடு." கையில் திணித்துவிட்டுப் போய் அவர்களோடு நடுவில் நின்றுகொண்டார்.

மாட்டினேன். எல்லோரும் அடங்கப் பதினெட்டில் வைத்தேன். எல்லோரையும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பச் சொன்னேன். நாத்தனார், "அடேங்கப்பா, அதிகாரத்தப் பாரு" என்றார். நாலு பேர் வரிசையாக நிற்பதால் எட்டாம் எண் ஓட்டை. மகள் கண்ணில் ஃபோகஸ். அழுத்தினேன்.

நாலு முகமும் தெளிவு. நாத்தனார் மூக்குத்திக் கல் கூட மின்னுகிறது.

மகள் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, இத எப்பம்மா கத்துக்கிட்ட?" இவர் கை கழுவப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 12, புதன்

ஃபிரிட்ஜ் நின்று மூன்று நாளாகிறது. கம்ப்ரஸர் போய்விட்டதாம். காலையில் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்விட்டு வந்தால் பீரோ மேல் பை இல்லை. மெக்கானிக் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்து முடுக்கிக்கொண்டிருந்தார். இவர் நாற்காலி போட்டுப் பக்கத்தில்.

"ரெண்டு கேமரா வித்தவன் தம்பி நான், இந்த வீட்டுக்காக. ஒண்ணு இவ பிரசவத்துக்கு. ஒண்ணு இன்னிக்கு, இந்த ஃபிரிட்ஜுக்கு."

"அடடா" என்றார் மெக்கானிக், தலையை வெளியே எடுக்காமல்.

பதினாலாயிரத்துக்கு விற்றிருக்கிறார். லென்ஸ் இரண்டும் சேர்த்து. வங்கியில் ஓய்வுப் பணம் அப்படியே கிடக்கிறது. ஏன் அதில் எடுக்கவில்லை?

என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே. அது என் காசு. ஒவ்வொரு காசா நான் பிடிச்சது. ஃபிரிட்ஜ் யாருக்கு, எனக்கு மட்டுமா? குளிர்ந்த தண்ணி இல்லாம மூணு நாளா முகத்தத் தூக்கி வெச்சிட்டிருந்தது யாரு?

இல்லை. காரணம் ஃபிரிட்ஜ் இல்லை. அந்தப் படம். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இவருக்குக் கேமரா வேண்டியிருக்கவில்லை. விற்ற கேமராதான் வேண்டியிருந்தது. நான் முப்பதாயிரம் போட்டு இன்னொன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

பாக்கி தீர்ந்தது என்று இன்று கடவுளிடம் சொன்னேன். எனக்கும் உனக்கும் நடுவில் இனி அது இல்லை என்றேன். கேட்டிருப்பார்.

செப்டம்பர் 5, சனி

ஜூலையில் எடுத்த படத்தை மகள் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாள். இவரே ஆணி அடித்துக் கூடத்தில் மாட்டினார்.

செப்டம்பர் 20, ஞாயிறு

கிடங்கில் இவருக்குக் கீழே வேலை பார்த்த குமாஸ்தா வந்தார். உள்ளே நுழைந்ததும் கண் படத்துக்குத்தான் போனது.

"பிரமாதமா இருக்குண்ணே. எந்த ஸ்டூடியோ?"

"ஸ்டூடியோ என்ன ஸ்டூடியோ. நான் எடுத்தது."

காபி கலந்துகொண்டிருந்தேன். கரண்டி நின்றுவிட்டது.

"நீங்க நடுவுல நிக்கிறீங்களேண்ணே?"

"டைமர் வெச்சேன்."

"ஓஹோ." அந்த மனிதர் சரக்கு எண்ணியே பழகியவர். "டைமர் வெச்சா வீட்ல எல்லாரும் நின்னிருக்கலாமே. அண்ணி எங்க?"

நான் தட்டோடு வெளியே வந்தேன். இவர் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நான் இல்லை என்பது இப்போதுதான் கண்ணில் படுகிற மாதிரி.

"நான்தான் தம்பி எடுத்தேன்" என்றேன். "சக்கர போதுமான்னு பாருங்க."

குமாஸ்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தார். அவர் ஒரு மணி நேரம் இருந்தார். கிடங்குக் கதை, சம்பளக் கதை, முட்டிவலிக் கதை எல்லாம் வந்தது. கேமரா விற்ற கதை வரவில்லை.

அவர் போனதும் இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "வந்தவன் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணுமா?"

"இருபத்தாறு வருஷமா எத்தன பேரு முன்னாடிங்க" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. குரல் உயரவும் இல்லை.

திரும்பிப் போனார். பிறகு கூடத்தில் செய்தித்தாள் புரளும் சத்தம் கேட்டது. நான் மீதித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.