வழுக்குற தரை

ஏங்க,

இட்லியும் சட்னியும் மூடி வச்சிருக்கேன். நேத்து மாதிரி கோபத்துல பட்டினி கிடக்காதீங்க.

டான்ஸ் ரூம்ல நீங்க ஆசை ஆசையா ஒட்டின டைல்ஸ் கண்ணாடி மாதிரி மின்னுது. எனக்கும் பெருமைதான். ஆனா அரைமண்டியில நிக்கிற பிள்ளைங்க வழுக்கி விழுந்தா நான் என்ன செய்ய? எல்லாத்தையும் பேர்த்துப் போடுங்கன்னு நான் சொன்னது சரிதான். பிள்ளைங்களோட அம்மாமார் முன்னால கத்தினதுதான் சரியில்லை.

தரையை மாத்த நம்ம தெருப் பொம்பளைங்க அயல்கூட்டத்துல இன்னொரு லோன் கேட்கக் கூச்சமா இருந்துச்சு. ஷைலஜா சேச்சிதான், “நம்ம பிள்ளைங்க ஆடுற தரையல்லே”ன்னு சொல்லி எல்லாரையும் சம்மதிக்க வச்சாங்க. காலையில ரூமைப் பார்க்க வருவாங்க. சாயா போட்டுக் கொடுங்க. ரூம் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு.

சிமெண்ட் தரை போடுற கூலியும் லோன்ல சேர்த்துக் கேட்டிருக்கேன். வெளியாள் வேண்டாம், நீங்கதான் போடணும். கூலியை வாங்கிக்கணும்.

புதுசாச் சேர்ந்த பிள்ளைங்களுக்குச் சலங்கை வாங்கப் பழவங்காடிக் கடைத்தெருவுக்குப் போறேன். மத்தியானம் வந்துடுவேன்.

கோமதி

மறந்துட்டேன்: கண்ணாடிக்கு எதிர்ல இருக்கிற ஒரு டைலை மட்டும் பேர்க்காதீங்க. அதுமேல உட்கார்ந்துதான் தட்டுக்கழியால தாளம் தட்டப்போறேன். உட்கார்ந்திருக்கிறவ வழுக்கி விழமாட்டா.