முகத்தில் மழை வாங்கும் கூரை

இன்று காலை புது பேனரைத் தரையில் விரித்ததும் மை வாடை குப்பென்று அடித்தது. நீ இருந்திருந்தால் குனிந்து ஒரு இழுப்பு இழுத்து, பிரியாணிக்கு அடுத்து இதுதான்டா நல்ல வாசனை என்று சொல்லியிருப்பாய். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. காலால் மிதித்துக்கொண்டே கட்டினேன். பேனரை நான் கட்டுகிறேனா, அது என்னைக் கட்டுகிறதா என்று வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

சவுக்குக் கம்பில் இழுத்துக் கட்டியதும் இடுப்பிலிருந்து அந்தச் சின்னக் கத்தியை எடுப்பாயே, நினைவிருக்கிறதா? பேனரில் அங்கங்கே பிறை பிறையாகக் கீறிவிடுவாய். "வழி வுட்டா காத்து அதும்பாட்டுக்குப் போயிடும் மச்சான். வுடலன்னா அதுவே வழி பண்ணிக்கும்." கோட்டை ஊரில் பிறந்து பத்தாவதிலேயே கோட்டை விட்ட எனக்கு அறிவியல் என்று புரிந்தது அது ஒன்றுதான்.

ஒரே ஒரு பேனரில்தான் நம்மைக் கீற விடவில்லை. மலைத்தண்ணீர் ஏரிக்குப் போகும் ஓடையின் மேலேயே கல்யாண மண்டபம் எழுப்பினாரே கட்சிக்கார அண்ணன், அவருடைய திறப்பு விழா பேனர். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவர் முகம்தான். நீ கத்தியை எடுத்ததும் மேனேஜர் ஓடி வந்து, அண்ணன் மூஞ்சியிலேயே கத்தி வைப்பியா என்று கையைத் தட்டிவிட்டான். சரி, உங்க அண்ணன், உங்க காத்து என்று நீ இறங்கிவிட்டாய்.

அப்புறம்தான் புயல் வந்தது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் மண்டபத்தின் பின்சுவரில் முட்டியது. போக வழியில்லாமல் நம் தெருவுக்குள் திரும்பியது. விடியும்போது சட்டி பானையெல்லாம் தெருவில் மிதந்தது. உன் வீட்டுக் கூரை ஷீட்டுகளைக் காணோம். அதற்குப் பதிலாக அந்தப் பேனர் பிய்த்துக்கொண்டு வந்து உன் வாசலில் கிடந்தது. ஓட்டு கேட்க, துக்கம் கேட்க என்று எதற்குமே நம் தெருவை மிதிக்காத மனுஷன் அன்றைக்குப் பறந்தே வந்திருந்தார்.

கீறல் இல்லாத பேனர் ஒழுகாது. அதையே நீ கூரையாக்கினாய். முகத்தைக் கீழ்ப்பக்கமாகப் போடு, நாலு பேர் பார்த்தால் வம்பு என்றேன். நான் பயந்தாங்கொள்ளி, உனக்குத்தான் தெரியுமே.

"மேல பாத்தே கெடக்கட்டும். மழைய மூஞ்சியிலயே வாங்கட்டும்" என்றாய்.

கடைத்தெருவுக்கு உடனே கரண்ட் வந்துவிட்டது. நமக்கு விழுந்த கம்பத்தை நிமிர்த்தவே ஆள் வரவில்லை. இருட்டில் உட்கார்ந்து மண்டபத்து சீரியல் விளக்குகளைப் பார்த்தோம். சேதம் பார்க்க வந்த அதிகாரி உன் மண்சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவர் நிற்கிறது, இது வீடு விழுந்ததில் சேராது என்று போய்விட்டார். சுவர் விழாததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி நீ கும்பிட்டு நின்றாய். அதைப் பார்த்து நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

தண்ணீரில் ஊறிய சுவர் ஈரத்தில் நிற்கும், காயும்போதுதான் விடும். பங்குனி வெயிலில் விட்டுச் சரிந்தது. நீ அதன் ஓரம் படுத்திருந்தாய். நிவாரணம் கேட்டுப் போனபோது, புயல் எப்போதோ போய்விட்டதே என்றார்கள். புயல் போயிருக்கலாம். எங்களை விட்டு இன்னும் போகவில்லை.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, விழுந்த பக்கம் ஓலைத் தட்டி கட்டிக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறது. கூரையும் அதேதான், வெளுத்து, கண்ணும் வாயும் கிழிந்துபோய். மண்டபத்து மாடியில் பந்திக்கு உட்காருகிறவர்களுக்கு ஜன்னல் வழியாக நேராக அதுதான் தெரியும். போன வாரம் மேனேஜர் வந்தான். அண்ணன் நம் தெருவுக்குத் தார்ப்பாய் கொடுக்கும் விழா நடத்தப்போகிறாராம். அந்தப் பழசைக் கழற்றினால்தான் இந்த வீட்டுக்குத் தார்ப்பாய் என்றான். மழைக்காலம் தலைக்கு மேல் நிற்கிறது. வாங்கிக்கொள்ளம்மா என்று நான்கூடச் சொன்னேன்.

"அது எம் புருசன் போட்ட கூரைண்ணே. அந்தாளு ஓடையத் தொறந்து வுடட்டும், நானே கழட்டிக் குடுக்கறேன்."

மேனேஜர் அதோடு விடவில்லை. விழா பேனரைக் கட்டவும் என்னைத்தான் கூப்பிட்டான். 'புயலில் கைகொடுத்த வள்ளல்' என்று எழுதி, மறுபடியும் அதே முகம். இன்று கட்டினேன். கட்டி முடித்ததும் உன் கத்தியை எடுத்தேன். கத்தி என்றதும் பதறாதே, என் கையில் அது வெங்காயம்கூட ஒழுங்காக அறுக்காது. ஆனால் இன்று நன்றாக அறுத்தது. பிறையாகக் கீறவில்லை. வட்ட வட்டமாகவே எடுத்துவிட்டேன். கண்ணுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று.

மேடை ஏற வந்தவர் அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டார். "இன்னாய்யா இது?"

கத்தியை இடுப்புக்குள் தள்ளினேன். வேட்டி மறைத்துக்கொண்டது. "காத்துக்கு வழிண்ணே. வழி வுடலன்னா பிச்சிக்கும். தண்ணியும் அப்படித்தான்" என்றேன்.

முதலில் சிரித்தது என் மகள். பிறகு நம் தெருப் பெண்கள் எல்லோரும். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு ஓய்கிறவரை அவர் மேடைப் படியிலேயே நின்றது எனக்கு எந்தத் தார்ப்பாயையும்விடப் பெரிசு. இனி இந்த மண்டபத்துப் பக்கமே வராதே என்றான் மேனேஜர். "பேனர் கட்டற வேலையையும் அறுத்துட்டியா நைனா" என்றாள் மகள். தங்கச்சி வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தது.

சாயங்காலம் உன் கூரைமேல் ஏறினேன். அறுத்தெடுத்த துண்டுகளை மடியில் வைத்திருந்தேன். பழைய முகத்தில் கிழிந்திருந்த இடங்களில் பசை தடவி ஒட்டினேன். வெளுத்த மூஞ்சியில் பளபளவென்று இரண்டு புதுக்கண், ஒரு புதுவாய். இனி ஒழுகாது. பார்க்கச் சகிக்கவுமில்லை. கீழே நின்ற தங்கச்சி உன் சாவுக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது.

ஓடை இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது மச்சான். உன் கத்தி என் இடுப்பில்தான் இருக்கிறது. நாளை மண்டபத்தில் ஒரு கல்யாணம், மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. மாடியில் பந்தி நடக்கும்போது, உன் கூரையிலிருந்து அவருடைய கண்ணே அவரைப் பார்க்கும். ஓடையைத் திறக்கிறவரை பார்த்துக்கொண்டே கிடக்கட்டும்.