அம்மாவின் அறைக்கு ஒரு ஜன்னல்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பொத்துவிலில் கடற்கரையோரம் தம்பி கட்டும் வீட்டின் படத்தை இன்று தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். நான் வரைந்த படம். பண்டாரவளை ஆபீஸில் ஊராருக்கெல்லாம் வீட்டுப் படம் வரைகிறேன். எங்கள் குடும்பத்துக்கென்று வரைந்தது இதுதான் முதல் தடவை. கண்ணாடி ஜன்னல், மேல்மாடி பால்கனி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னேன்.

"என் ரூமு எதுப்பா?"

சமையலறைக்குப் பின்னால் காட்டினேன். "அடுப்புச் சூடு வரும்மா. காத்தும் அடிக்காது" என்றேன், பெருமையாக. பனி மாதத்தில் அம்மா லயத்துக் குளிருக்கு அடுப்படியில்தான் படுப்பார். அந்த நினைப்பிலேயே வரைந்திருக்கிறேன். பொத்துவில் வெக்கையில் யாருக்கு வேண்டும் அடுப்புச் சூடு?

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்த ரூமுலயெல்லாம் கடல் தெரியுமாப்பா?"

"தெரியும்மா."

"சரி சரி. நான் வாசல்ல உக்காந்து பாத்துக்கிறேன்."

அம்மா இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

கட்டத் தொடங்கும் முன்பே காட்டியிருக்க வேண்டும். இப்போது சுவர் எழும்பிவிட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அழித்து அழித்து வரைந்து பார்க்கிறேன். அந்த அறையில் எந்தப் பக்கம் ஜன்னல் வைத்தாலும் பக்கத்து வீட்டு மதில்தான் தெரிகிறது.