பதினான்கு அங்குலக் கரண்டி

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலம் என்று மகன் ஃபோனில் சொன்னான். நீ குளித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். நான்கு முறை கூப்பிட்டேன், நான்கு முறையும் குளியல். அவன் வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். மாடிக்காரர் இன்னும் செருப்பைப் படிக்கட்டில்தான் விடுகிறார். நீ சொல்லாமல் கிளம்பியது தவறுதான். அந்தப் பேச்சை நான் மாற்றப்போவதில்லை.

இது கிளியைப் பற்றி.

நீ போனதிலிருந்து அது கூண்டு மூலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. உன் தோளில் ஏறிக் காதைக் கொத்தும் கிளிக்கு என் கை மட்டும் ஆகாதா என்று எனக்கு ரோஷம். யாரையும் கேட்காமல் லேத் ஓட்டக் கற்றவன், ஒரு கிளியைப் பழக்கமாட்டேனா? பட்டறையில் போடும் வெல்டிங் கையுறையை மாட்டிக்கொண்டு, தினமும் அதைப் பிடித்து, கத்தி ஓயும்வரை விடாமல் வைத்திருந்தேன். பத்தாம் நாள் கத்தவில்லை. பழகிவிட்டது என்று மகனிடம் பெருமையடித்தேன். உன்னிடமும் சொல்லியிருப்பான். அது பொய். கிளி தீனியை விட்டுவிட்டு, நெஞ்சு இறகையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டது.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். நம் மருமகள் வயதுப் பெண். "யாராவது இதைப் பிடிச்சு அமுக்கி வச்சிருந்தாங்களா ஐயா? கையைப் பாத்தாலே உயிர் போகுதே" என்று கேட்டாள். என் வீட்டுக்காரி செய்த வேலை என்று சொல்லிவிட்டேன். தயங்கவே இல்லை, வாயில் தயாராக இருந்ததுபோல வந்தது. அவள், பிடித்தவர் கை கொஞ்ச நாள் படக்கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

மூன்று நாள் அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் போய், நான்தான் பிடித்தேன் என்றேன். நாயோடும் பூனையோடும் காத்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். "அன்னைக்கே தெரியும் ஐயா. உங்க விரல் அசைஞ்சப்பதான் அது ஒடுங்குச்சு" என்றாள். அதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.

அவள் சொன்னபடி, நீளக் காம்பு மரக்கரண்டியில் சூரியகாந்தி விதை வைத்துப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டு, கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன். அதுவாக வந்து எடுக்க வேண்டும். வாரம் முழுக்க எடுத்தால் காம்பில் அரை அங்குலம் அறுப்பேன். பதினான்கில் ஆரம்பித்தது, இப்போது பதினொன்று. உன் கரண்டிதான். போன வாரம் ஒரு முறை இருமினேன், மூன்று நாள் பக்கத்திலேயே வரவில்லை.

முதுகைக் காட்டி உட்கார்ந்தால் காதுதான் வேலை செய்கிறது. நான் நாற்காலியைத் தள்ளினாலே அது கம்பியோரம் ஒதுங்குவது கேட்கிறது. நான் எழுந்தால் நீயும் அடுப்படிக்குள் போவாய். வேலை இருக்கிறது போலும் என்றே முப்பத்தொரு வருடமும் நினைத்திருந்தேன்.

இறகு முளைக்க நாளாகுமாம். நீ வந்தால் முதல் நாளே அதனிடம் கையை நீட்டாதே. அது விலகினால் வருந்தாதே, உன் கையில் குற்றமில்லை. வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். நீ உள்ளே வரும்போது நான் எழுந்திருக்க மாட்டேன். பெட்டியைத் தூக்கவும் நீ கூப்பிட்டால்தான் வருவேன்.

பேத்தி தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் நான்