உன் பெயரில் நான் சுமந்த கல்

சந்தியாகப்பர் துணை

அன்பு மகன் டெல்ஃபினோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம், பனி விழுவதற்கு முன்னாலேயே முழங்கால் முனகத் தொடங்கிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. கலிபோர்னியாவில் நீயும் யெசேனியாவும் பேத்தியும் சுகமாயிருக்க தினமும் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்கிறேன். பேத்திக்குப் பல் நாலா ஐந்தா என்று பார்த்து எழுது, சுமாராகச் சொல்லாதே. போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம் பின்கட்டு அறையில் தங்கியிருக்கும் மிரேயா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

முதலில் முக்கியமானது. போன ஞாயிற்றுக்கிழமை "வேலைய விட்டுட்டு வருஷப்பிறப்புக்குள்ள வந்துடறேம்மா, மனை கைவிட்டுப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். வரவேண்டாம். கையில் அந்த நாட்டுக் காகிதம் இல்லாதவனுக்கு எல்லை என்பது ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவு, வந்தால் திரும்பிப் போக வழியில்லை. பெற்ற பிள்ளையைப் போட்டோவில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது உனக்கு வேண்டாம்.

அடுத்த வருடம் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றி, திருவிழாவில் சாப்பாடு போடும் சந்தியாகப்பர் பொறுப்பை ஊர்க்கூட்டம் உன் தலையில் வைத்ததற்குக் காரணமே நான்தான். ஏற்காவிட்டால் ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் போகும், மனையும் தண்ணீரும் போகும், அது உனக்கே தெரியும். நீ போன ஆறு வருடத்தில் வீட்டுக்கொருவர் கூலியில்லாமல் செய்யும் ஊர்வேலை பதினொன்று நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கல் சுமந்தது, கல்லறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது, பாதையில் சரிந்த மண்ணை வாரியது, எதற்கும் நான் தவறவில்லை. எழுத்தர் ஃபிலமோன் புத்தகத்தைத் திறந்து எந்த வீடு என்பார், டெல்ஃபினோ வீடு என்பேன், "டெல்ஃபினோ, வந்தாச்சு" என்று எழுதிக்கொள்வார். உன் அப்பா இருந்தபோதும் வீட்டுக்கான ஊர்வேலை ஆண்பிள்ளை பெயரில்தானே ஏறியது, அதனால் எனக்கு அது பொய்யாகவே படவில்லை, ஊர் உன்னை மறக்கக் கூடாது என்பது மட்டும்தான் நினைப்பு. இந்த வருடம் பெரியவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஒருநாளும் தவறாத பையன், சாமிப் பொறுப்புக்கு இவனைவிட யார் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மிரேயா மானிடவியல் படிக்கிறவள், தலைநகரப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து எட்டு மாதமாகிறது. முதலில் ஏதோ கட்சிக்காரர்கள் ஓட்டுக் கணக்கெடுக்க அனுப்பிய பெண் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லை, பீன்ஸ் உரித்துக்கொண்டே கேள்வி கேட்பாள், அவ்வளவுதான் அவள் வேலை. ஊர்ப் புத்தகத்தைப் பிரதியெடுத்துக்கொண்டு வந்த அன்று, "ஏம்மா, கலிபோர்னியாவுல இருக்கிற டெல்ஃபினோ போன ஜூலை மாசம் கல்லு சுமக்க எப்படி வந்தாரு?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது நான்தாண்டி பொண்ணே என்றேன். "அப்ப உங்க பேரு எங்க?" என்றாள். எனக்கு எதுக்குப் பேரு என்றேன். மறுத்துப் பேசாமல் அதையும் எழுதிக்கொண்டாள், அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, பெண்துணை இல்லாத ஆணுக்கு இந்தச் சாமிப் பொறுப்பைக் கொடுத்ததுண்டா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், கிடையவே கிடையாது. மனைவி செத்த பிறகு அப்போலினார் நேர்த்திக்கடன் என்று கெஞ்சிக் கேட்டும் இரண்டு முறை மறுத்துவிட்டார்கள், அவர் தங்கை ருஃபினா கூட வந்து குடியிருந்த பிறகுதான் கொடுத்தார்கள். ஏன் என்றாள். எண்பது பேருக்குச் சோளம் யார் ஊறவைக்கிறது என்று பட்டென்று சொன்னேன், சொன்னதும் அம்மிக்கல்லில் என் கை நின்றுவிட்டது. பாதிப் பொறுப்பு எப்போதும் பெண்ணுடையது, ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பார்த்ததில்லை. நல்லாக் கண்டுபிடிச்சே என்றேன் அவளிடம். "நான் எதையும் கண்டுபிடிக்கலைம்மா, நீங்க சொன்னது இப்பத்தான் உங்க காதுல விழுந்திருக்கு" என்றாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். "டெல்ஃபினோ எப்ப வர்றான்னு சொல்லத்தானே மதினி?" என்றார் ஃபிலமோன். அவன் வரலை, ஆறு வருஷமா வரலை, அந்தக் கல்லெல்லாம் சுமந்தது நான் என்றேன். வாசலில் நின்ற ஒருவன், "அப்ப சந்தியாகப்பர் குதிரைய விட்டு இறங்கி அடுப்படிக்கு வரணுமா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஊர்த்தலைவர் தவுரினோ, "சிரிக்கிறவன் கல்லு சுமந்த நாள்ல எங்க இருந்தான்னு புத்தகத்துல பார்த்துடலாமா?" என்றார், சிரிப்பு நின்றது. மனைவியில்லாதவனுக்கு நீங்க கொடுக்கலை, அப்ப பாதி எங்களோடதுன்னு உங்களுக்கே தெரியும், என் பாதி என்கிட்ட இருக்கு, மீதிப் பாதியையும் கொடுங்க, என் பேர்ல கொடுங்க என்றேன். அப்போலினார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "எனக்கு மெழுகுவர்த்தி ஏத்தத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். அந்த வருஷம் சாமிப் பொறுப்புல இருந்தது என் தங்கச்சி. மாலை போட்டுக்கிட்டது மட்டும்தான் நான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அறுபத்து நாலு கை எழுந்தது, வேண்டாம் என்று நாற்பத்தொன்று, ஒன்பது பேர் எதற்கும் தூக்கவில்லை. நம் ஊரில் ஒரு பெண் தன் பெயரிலேயே இந்தப் பொறுப்பை ஏற்பது இதுதான் முதல் தடவை. மனையும் தண்ணீரும் நம் வீட்டுக்கே.

ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். என் பெயரை ஏற்ற வேண்டுமானால் பழைய பொய்யை அடிக்க வேண்டும் என்று ஃபிலமோன் சொல்லிவிட்டார். பதினொரு இடத்திலும் உன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் என் பெயரை எழுதினார். பட்டியலில் உனக்கு நேரே இப்போது 'ஊரில் இல்லை' என்று இருக்கிறது. முதல் ஆறு கோடுவரை பக்கத்தில் நின்று பார்த்தேன், பிறகு வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, ஊர் மறக்காமலிருக்கத்தான் அப்படி எழுதவைத்தேன் என்று சொன்னேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் அதுவும் முழு உண்மையில்லை என்று தெரிந்தது. யாராவது ஒருவர் டெல்ஃபினோ வந்தாச்சு என்று சத்தமாகச் சொல்வதைக் கேட்கத்தான் கல் சுமக்கப் போயிருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல மாட்டார்கள், பழகிக்கொள்வேன்.

உன் மேஸ்திரியிடம் நாளைக்கே போய் வேலையை விடவில்லை என்று சொல், பஸ் டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடு. யெசேனியாவும் உன்னோடு பழம் பறித்துவிட்டு வந்து அவள்தானே சமைக்கிறாள், அதை யார் எழுதிவைக்கிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து யோசி, கோபித்துக்கொள்ளாதே. குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. சந்தியாகப்பர் உங்கள் மூவரையும் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும், மாதா கை உங்கள் தலைமேல் இருக்கட்டும். படித்து முடித்ததும் கூப்பிடு, வரமாட்டேன் என்று உன் வாயால் சொல், நான் அழுதாலும் வைத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா,
அடுத்த வருடம் சந்தியாகப்பர் பொறுப்பில் இருக்கப்போகும்
எர்மெலிண்டா பௌதிஸ்தா